ஹார்லெம் 135ஆம் தெருக் கிளை நூலகம்: ஒரு நிகழ்வு ஆய்வு

நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில், 135ஆம் தெருவும் லெனாக்ஸ் அவென்யூவும் சந்திக்கும் இடத்துக்கு அருகே, மூன்று மாடிகளைக் கொண்ட ஒரு கல் கட்டடம் 1905ஆம் ஆண்டு முதல் நிற்கிறது. நியூயார்க் பொது நூலகத்தின் கிளைகளுள் ஒன்றாக, அக்கம்பக்கத்தார் வந்து நூல்களை இரவல் பெற்றுச் செல்வதற்காகவே அது கட்டப்பட்டது. அந்தக் கிளையிலிருந்து வளர்ந்ததுதான், ஆப்பிரிக்க வழிவந்த மக்களின் வரலாற்றை ஆய்வோர் உலகெங்கிலுமிருந்து தேடிவரும் ஷோம்பர்க் ஆய்வு மையம். இந்த வளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1926ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த, ஆர்ட்டுரோ ஷோம்பர்க் திரட்டிய ஒரு பெருந்தொகுப்பிலிருந்தே தொடங்குகின்றனர். அத்தொகுப்பின் அருமையில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அது வருவதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் இரவல் மேசையில் நடந்தவையே அதை ஏற்கும் தகுதியை அந்தக் கிளைக்கு அளித்தன என்பதை இவ்வாய்வு காட்ட முயல்கிறது.

கட்டடமும் குடியிருப்பும்

தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1901ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் கிளை நூலகங்கள் கட்டுவதற்கு 52 லட்சம் டாலர் தர முன்வந்தார். கட்டடத்துக்கான செலவை அவர் ஏற்பார். நிலத்தை நகர நிர்வாகம் வழங்க வேண்டும். கட்டி முடித்த பின் பராமரிப்புச் செலவையும் நகரமே ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தத் திட்டத்தில் கட்டப்பட்ட நூலகங்களுள் ஒன்றான 135ஆம் தெருக் கிளையை, மக்கிம், மீட் அண்ட் வைட் நிறுவனத்தின் சார்லஸ் மக்கிம் இத்தாலிய மறுமலர்ச்சிக் கால மாளிகைகளின் பாணியில் வடிவமைத்தார். 1905ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் சுமார் 10,000 நூல்களுடன் அது திறக்கப்பட்டது.

திறப்பு விழாவின்போது அந்தத் தெருவின் வாசகர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அவர்களுள் யூதர்கள் கணிசமானோர். ஆனால் அதே ஆண்டுகளில் அப்பகுதியின் நிலை மாறத் தொடங்கியிருந்தது. லெனாக்ஸ் அவென்யூவுக்குச் சுரங்க ரயில் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் ஹார்லெமில் தேவைக்கு மிஞ்சிய குடியிருப்புகள் கட்டப்பட்டன. அவற்றுக்கு ஆள் கிடைக்காமல் விலையும் வாடகையும் சரிந்தன. கறுப்பினத்தவரான ஃபிலிப் பேட்டன் 1904ஆம் ஆண்டில் தொடங்கிய வீட்டுமனை நிறுவனம், காலியாகக் கிடந்த வீடுகளைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடும் வழியைத் திறந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் தென் மாநிலங்களின் வன்முறையிலிருந்தும் வறுமையிலிருந்தும் விலகி வடக்கு நோக்கி வந்தவர்களும், கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களும் அங்கே குடியேறினர். பதினைந்து ஆண்டுகளுக்குள் நூலகத்தைச் சுற்றியிருந்த தெருக்கள் கறுப்பின மக்களின் தெருக்களாகிவிட்டன. நூலகத்தின் பணியாளர்கள் மட்டும் முழுவதும் வெள்ளையர்களாகவே இருந்தனர்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள்

1920ஆம் ஆண்டில் எர்னஸ்டீன் ரோஸ் இந்தக் கிளையின் தலைமை நூலகராக வந்தார். அவர் வெள்ளையர், அதற்கு முன் மன்ஹாட்டனின் கீழைப் பகுதியில் யூதக் குடியேறிகள் நிறைந்த சீவர்டு பார்க் கிளையை நடத்தியவர். குடியேறிகளை அவர்களுடைய மொழியையும் வழக்கத்தையும் விட்டுவிடச் சொல்லாமல், அவற்றோடு சேர்த்தே நூலகத்துக்குள் வரவேற்க வேண்டும் என்ற கருத்து அங்கேயே அவரிடம் உறுதிப்பட்டது. ஹார்லெமுக்கு வந்ததும் அவர் செய்த முதன்மையான செயல், பணியாளர்களின் அமைப்பை மாற்றியதுதான். நியூயார்க் பொது நூலகம் நியமித்த முதல் கறுப்பின நூலகரான கேதரின் லட்டிமர் அவ்வாண்டிலேயே இக்கிளைக்கு வந்தார். அடுத்து வந்தவர்களுள் ஸேடி பீட்டர்சன் டெலனி பார்வையற்ற வாசகர்களுக்காகப் புள்ளியெழுத்தைக் கற்று அவர்களோடு பணிபுரிந்தார். பின்னாளில் டஸ்கீகி நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், வாசிப்பின் வழியாக நோயாளிகளை ஆற்றுப்படுத்தும் முறைக்கு முன்னோடியாக விளங்கினார். 1921ஆம் ஆண்டில் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்திருந்த பூரா பெல்ப்ரே சேர்ந்தார். நகர நூலகங்களில் ஸ்பானிய மொழிக் கதைசொல்லல் வேரூன்றியது அவரால்தான். நாவலாசிரியராக அறியப்படும் நெல்லா லார்சன் இங்கே உதவியாளராகத் தொடங்கி, நூலகப் பயிற்சிப் பள்ளியில் பயின்று, 1923ஆம் ஆண்டுக்குப் பின் குழந்தைகள் பிரிவின் நூலகராகப் பணியாற்றினார். அதே 1923ஆம் ஆண்டில் ரெஜினா ஆண்டர்சன் வந்தார்.

இப்பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அன்று கறுப்பினத்தவர் நூலகராகப் பணிபுரியக்கூடிய கிளை அந்த நகரில் ஏறத்தாழ இது ஒன்றுதான். ஆகவே திறமைமிக்க பெண்கள் பலர் ஒரே கட்டடத்தில் வந்து குவிந்தனர். வேறு கதவுகள் மூடியிருந்ததால் விளைந்த குவிப்பு அது. அதன் பயனைக் கிளை பெற்றது, விலையை அந்தப் பெண்கள் செலுத்தினர். அவ்விலை எத்தகையது என்பது பின்னர் வருகிறது.

பணியாளர்கள் மாறியதும் வாசகர்கள் கேட்பதும் மாறியது. தம் தெருவைச் சேர்ந்தவர், தம் கோவிலுக்கு வருபவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும்போது, முன்பு கேட்கத் தயங்கிய நூல்களை மக்கள் கேட்டனர். கறுப்பின எழுத்தாளர்கள் எழுதிய நூல்கள், கறுப்பின மக்களின் வரலாற்றைக் கூறும் நூல்கள் ஆகியவற்றுக்கான தேவை உயர்ந்துவருவதை ரோஸ் 1923ஆம் ஆண்டில் அமெரிக்க நூலகச் சங்கத்துக்கு அளித்த அறிக்கையில் பதிவு செய்தார். பயிற்சி பெற்ற கறுப்பின நூலகர்களின் தேவையையும் அதில் வலியுறுத்தினார். 1921ஆம் ஆண்டு முதல் கறுப்பின ஓவியர்கள், சிற்பிகளின் படைப்புகள் கிளையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. கறுப்பினச் சிந்தனையாளர் ஹூபர்ட் ஹாரிசன் போன்றோர் அங்கே சொற்பொழிவாற்றினர். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த பின்னாளில் கவிஞராகப் புகழ்பெற்ற லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற இளைஞர், ஹார்லெமில் கால்வைத்த தொடக்க நாள்களிலேயே இந்த நூலகத்துக்குச் சென்றதையும், புதியவரான தமக்கு அங்கே கிடைத்த அன்பான வரவேற்பையும் பின்னர் எழுதியிருக்கிறார். ரெஜினா ஆண்டர்சன் எழுத்தாளர்கள் அமர்ந்து எழுதுவதற்கென நூலகத்துக்குள் ஓரிடத்தை ஒதுக்கிக் கொடுத்தார். வாடகை அறைகளின் நெரிசலில் வாழ்ந்த இளம் கவிஞர்களுக்கு ஒரு மேசையும் அமைதியும் எவ்வளவு பெரிய உதவி என்பதை விளக்க வேண்டியதில்லை.

நூல்கள் தேய்ந்தபோது

தேவை பெருகியதால் ஒரு சிக்கல் பிறந்தது. கறுப்பின மக்களைப் பற்றிய நூல்கள் அன்று அதிகம் அச்சில் இல்லை. இருந்தவற்றுள் பல மறுபதிப்பு காணாதவை. ஒரே படி பல கைகளுக்குச் சென்று திரும்பியதில் அட்டை பிரிந்தது, தாள் கிழிந்தது, சில படிகள் மீளவேயில்லை. ஒரு நாவலின் படி தொலைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அடிமை முறையிலிருந்து தப்பிய ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சிட்ட தன்வரலாறு தொலைந்தால் வாங்குவதற்கு எங்கும் கிடைக்காது. இரவல் தருவதே கிளை நூலகத்தின் கடமை. அந்தக் கடமையைச் செவ்வனே செய்வதே இந்நூல்களை அழித்துவந்தது.

இந்த இடத்தில் எடுக்கப்பட்ட முடிவையே நான் இந்நிகழ்வின் மையமாகக் கருதுகிறேன். அரிய நூல்களை நகரின் மைய நூலகத்துக்கு அனுப்பிவிடுவது எளிதான வழியாக இருந்திருக்கும். அங்கே பாதுகாப்பும் இடமும் இருந்தன. அவ்வாறு செய்திருந்தால், அந்நூல்களைக் கேட்டு வந்த மக்களிடமிருந்து அவை பல மைல் தொலைவுக்குச் சென்றிருக்கும். 1924ஆம் ஆண்டின் இறுதியில் ரோஸ் ஒரு கூட்டத்தைக் கூட்டினார். நூல் திரட்டாளர் ஆர்ட்டுரோ ஷோம்பர்க், எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன், ஹூபர்ட் ஹாரிசன் உள்ளிட்டோர் அதில் பங்கேற்றனர். அரிய நூல்களை இரவலிலிருந்து விலக்கி, அதே கட்டடத்திலேயே அமர்ந்து படிக்கும் தனிப் பிரிவாக வைப்பது என்றும், வீடுகளில் உள்ள நூல்களையும் ஆவணங்களையும் மக்களிடமிருந்து நன்கொடையாகப் பெறுவது என்றும் முடிவாயிற்று. 1925ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், நீக்ரோ இலக்கியம், வரலாறு, அச்சுப்படங்கள் பிரிவு என்ற பெயருடன் அது செயல்படத் தொடங்கியது.

அப்பிரிவின் அன்றாடப் பணி லட்டிமரிடம் வந்தது. நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் கறுப்பின மக்களைப் பற்றி வந்த செய்திகளை நறுக்கி, பொருள்வாரியாகக் கோப்பிடும் வேலையை அவர் தொடங்கினார். நாள்தோறும் செய்ய வேண்டிய, எவரும் பாராட்டாத வேலை அது. ஆனால் நூலாக வெளிவராத ஒரு மக்கள் வாழ்வின் பெரும்பகுதி செய்தித்தாள்களில்தான் சிதறிக் கிடந்தது. அவர் தொடங்கிவைத்த நறுக்குக் கோப்புகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து, பின்னர் நுண்படமாக்கப்பட்டு, இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.

ஷோம்பர்க்கின் தொகுப்பு

ஆர்ட்டுரோ ஷோம்பர்க் 1874ஆம் ஆண்டில் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். 1891ஆம் ஆண்டில் நியூயார்க் வந்தார். பல்கலைக்கழகப் படிப்பில்லாத அவர் ஒரு வங்கியின் அஞ்சல் பிரிவில் பணியாற்றிக்கொண்டே, கிடைத்த பணத்தையும் ஓய்வு நேரத்தையும் ஆப்பிரிக்க வழிவந்தோர் எழுதிய நூல்களைத் தேடி வாங்குவதில் செலவிட்டார். புரூக்ளினில் இருந்த அவர் வீடு நூல்களால் நிறைந்தது. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் லத்தீன் மொழியில் கவிதை எழுதிய, அடிமையாய் இருந்து உயர்ந்த ஹுவான் லத்தீனோவின் நூல், ஃபிலிஸ் வீட்லியின் கவிதைகள், பெஞ்சமின் பேனக்கர் கணித்து வெளியிட்ட பஞ்சாங்கங்கள், ஹைட்டியின் விடுதலைத் தலைவர் டூசான் லூவெர்ச்சூர் தொடர்பான ஆவணங்கள் ஆகியவை அவர் திரட்டியவற்றுள் அடங்கும். கறுப்பினத்தவருக்கு வரலாறு இல்லை என்ற கூற்றுக்கு வாதத்தால் அல்லாமல், அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து விடை சொல்ல வேண்டும் என்பதே அவர் வழி.

கறுப்பின மக்களின் நலனுக்காக இயங்கிய தேசிய நகர்ப்புற லீக் அமைப்பின் முயற்சியால், கார்னகி நிறுவிய அறக்கட்டளையான கார்னகி கார்ப்பரேஷன் 10,000 டாலர் வழங்க, 1926ஆம் ஆண்டில் இத்தொகுப்பு 135ஆம் தெருக் கிளைக்காக வாங்கப்பட்டது. 5,000க்கும் மேற்பட்ட நூல்கள், ஏறத்தாழ 3,000 கையெழுத்துப் படிகள், 2,000 செதுக்குப் படங்களும் ஓவியங்களும், பல்லாயிரம் துண்டறிக்கைகள் என அது பரந்தது. கிடைத்த தொகையைக் கொண்டு ஷோம்பர்க் ஐரோப்பாவுக்குச் சென்று, செவில் உள்ளிட்ட நகரங்களின் காப்பகங்களில் மேலும் தேடினார்.

தம் வாழ்நாள் உழைப்பை ஒரு தெருமுனைக் கிளையிடம் ஒப்படைக்க அவர் இசைந்தது தற்செயலானதன்று. அந்தக் கிளையின் கண்காட்சிகளுக்குத் தம் பொருள்களை அவர் முன்பே இரவல் தந்திருந்தார். 1924ஆம் ஆண்டுக் கூட்டத்தில் அமர்ந்திருந்தார். தாம் திரட்டியவை யாருக்காகத் திரட்டப்பட்டனவோ அவர்களே அங்கு வாசகர்களாக இருப்பதைக் கண்டிருந்தார். பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் செல்லும் நூலுக்கும், பள்ளி முடிந்து வரும் மாணவன் கேட்டால் மேசைக்கு வரும் நூலுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறிந்திருந்தார் என்றே அவர் செயல்கள் காட்டுகின்றன. ரோஸும் லட்டிமரும் 1920 முதல் உருவாக்கிய வாசகர் கூட்டம் இல்லாதிருந்தால் அந்தத் தொகுப்பு வேறொரு நிறுவனத்துக்குச் சென்றிருக்கும் என்பது என் கணிப்பு.

நிலத்தடித் தளம்

கட்டடத்தின் நிலத்தடித் தளமும் இவ்வரலாற்றில் இடம்பெற வேண்டும். கறுப்பின அறிஞரும் உரிமைப் போராளியுமான டு போய்ஸ் நிறுவிய கிரிக்வா நாடகக் குழு 1926ஆம் ஆண்டில் அங்கே நாடகம் நடத்தியது. 1940ஆம் ஆண்டில் ஏப்ராம் ஹில், ஃபிரெடரிக் ஓநீல் ஆகியோர் தொடங்கிய அமெரிக்க நீக்ரோ நாடக அரங்கு அதே தளத்தில் இயங்கியது. ரூபி டீ அதில் நடித்தார். சிட்னி பொய்ட்டியே, ஹாரி பெலஃபான்டே ஆகியோர் பின்னாளில் அக்குழுவில் பயின்றவர்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அரசு நிதியில் ஏரன் டக்ளஸ் இக்கிளைக்காக வரைந்த நான்கு பெரும் ஓவியங்கள், ஆப்பிரிக்க வாழ்விலிருந்து அடிமை முறை, விடுதலை, நகர வாழ்வு வரையிலான வரலாற்றைக் காட்டுகின்றன. அவை 1934ஆம் ஆண்டில் நிறைவுற்றன.

பதவி உயர்வு பற்றிய கேள்வி

கறுப்பினப் பெண்களை நியமித்த நிர்வாகம் அவர்களை உயர்த்தத் தயங்கியது. ஆண்டுகள் பல பணியாற்றியும் தமக்குப் பதவி உயர்வு மறுக்கப்படுவது தம் நிறத்தால்தான் என்று கருதிய ரெஜினா ஆண்டர்சன், 1920களின் இறுதியில் டு போய்ஸ், கறுப்பின உரிமைச் செயற்பாட்டாளர் வால்டர் வைட் ஆகியோரின் உதவியை நாடினார். அவர்கள் தலையிட்ட பின்னரே உயர்வு கிடைத்தது. அதுவும் வேறொரு கிளைக்கு மாற்றலுடன். 1938ஆம் ஆண்டில் அவர் 115ஆம் தெருக் கிளையின் பொறுப்பை ஏற்றபோது, நியூயார்க் பொது நூலகத்தின் ஒரு கிளைக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினத்தவரானார். முதல் கறுப்பின நூலகர் நியமிக்கப்பட்டதற்கும் இதற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

லட்டிமரின் நிலை இதைவிடச் சிக்கலானது. 1932ஆம் ஆண்டில் கார்னகி கார்ப்பரேஷன் அளித்த நிதியில் ஷோம்பர்க் தம் தொகுப்பின் காப்பாட்சியராக நியமிக்கப்பட்டார். நூல்களைப் பற்றிய அவருடைய அறிவுக்கு ஈடில்லை. ஆயினும் அவர் நூலகப் பயிற்சி பெற்றவர் அல்லர்; பயிற்சி பெற்ற லட்டிமரோ அப்பிரிவை ஏழு ஆண்டுகளாக நடத்திவந்தவர். ஒருவருக்குச் செய்த நியாயமான மரியாதை மற்றொருவரைப் பின்னுக்குத் தள்ளியது. மையத்தின் பெயரில் இன்று ஒருவர் இருக்கிறார். பிரிவை ஒழுங்கமைத்த பெண்ணின் பெயர் ஆய்வாளர்களின் வட்டத்துக்கு வெளியே அதிகம் தெரியாது. இது சரிசெய்யப்பட வேண்டிய குறை என்பதை ஆய்வின் நடுநிலைக்கு ஊறின்றியே கூறலாம்.

இரண்டாகப் பிரிந்த கிளை

1938ஆம் ஆண்டில் ஷோம்பர்க் மறைந்தார். அடுத்துப் பொறுப்பேற்ற வரலாற்றாசிரியர் லாரன்ஸ் ரெடிக்கின் பரிந்துரைப்படி 1940ஆம் ஆண்டில் பிரிவுக்கு ஷோம்பர்க்கின் பெயர் சூட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய கறுப்பினப் படைவீரர்களின் கடிதங்களை ரெடிக் தேடித் திரட்டியது, பழைய நூல்களைச் சேர்ப்பதோடு நிகழ்காலத்தையும் ஆவணமாக்க வேண்டும் என்ற அவர் நோக்கைக் காட்டுகிறது.

தொகுப்பு 40,000 நூல்களை எட்டிய நிலையில் ஒரே கட்டடம் இரவலுக்கும் ஆய்வுக்கும் போதவில்லை. 1942ஆம் ஆண்டில் பின்புறம் 136ஆம் தெருவில் புதிய கட்டடம் திறக்கப்பட்டு, இரவல் பணி அங்கே மாறியது. அந்த இடத்தில் முன்பு நின்றது, கூந்தல் பராமரிப்புப் பொருள் வணிகத்தில் செல்வம் ஈட்டிய கறுப்பினப் பெண்மணி மேடம் சி. ஜே. வாக்கர் கட்டிய மாளிகை. அவர் மகள் அலீலியா வாக்கர் 1920களில் அதன் ஒரு பகுதியைக் கவிஞர்களும் ஓவியர்களும் கூடும் இடமாக்கியிருந்தார். அக்கூட்டங்களுக்கு வந்தவர்களுள் ஒருவரும், பின்னாளில் ஹார்லெம் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியவருமான கவிஞர் கவுன்ட்டீ கல்லனின் பெயர் 1951ஆம் ஆண்டில் அந்தப் புதிய கிளைக்கு வைக்கப்பட்டது.

கட்டடங்கள் பிரிந்தாலும் நிர்வாகம் பிரியவில்லை என்பதில்தான் அடுத்த முப்பதாண்டு இன்னலின் வேர் இருக்கிறது. நியூயார்க் பொது நூலகம் இரு பகுதிகளாக இயங்கும் நிறுவனம்: ஆய்வு நூலகங்கள் பெரும்பாலும் அறக்கொடைகளாலும் தனியார் நன்கொடைகளாலும் நடப்பவை, கிளைகள் நகரின் நிதியில் நடப்பவை. உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் வந்தபோதும், ஷோம்பர்க் தொகுப்பு கிளைப் பகுதியிலேயே வைக்கப்பட்டிருந்தது. ஒரு குடியிருப்புக் கிளையின் நிதியைக் கொண்டு ஆய்வு நூலகத்தின் கடமையைச் செய்ய வேண்டியிருந்தது. வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்படாத அறைகளில், அமிலத்தாளில் அச்சான பழைய நூல்களும் செய்தித்தாள்களும் பழுப்பேறி நொறுங்கின.

1948 முதல் 1980 வரை இதைத் தாங்கி நடத்தியவர் ஜீன் பிளாக்வெல் ஹட்சன். 1962ஆம் ஆண்டில் தொகுப்பின் நூற்பட்டியல் ஒன்பது தொகுதிகளாக அச்சில் வெளிவந்தது, அவர் காலத்தின் பெரும் பணி. அதுவரை ஹார்லெமுக்கு நேரில் வந்தவர் மட்டுமே அறிந்திருந்த இருப்பு, எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் இருப்பவருக்கும் தெரியவந்தது. 1960களில் கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டமும் ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலையும் வாசகர்களை மேலும் பெருக்கின. பல்கலைக்கழகங்கள் கறுப்பின வரலாற்றைப் பாடமாக்கத் தொடங்கியதும், தேய்ந்த நூல்களைக் கேட்போர் பன்மடங்காயினர். 1924ஆம் ஆண்டில் கிளை சந்தித்த அதே சிக்கல், பேரளவில் மீண்டும் வந்தது. ஹட்சன் நிதி கோரி இடைவிடாமல் வாதாடினார். 1972ஆம் ஆண்டில் தொகுப்பு கிளைப் பகுதியிலிருந்து ஆய்வு நூலகங்களின் பகுதிக்கு மாற்றப்பட்டு, ஷோம்பர்க் ஆய்வு மையம் என்ற நிலையைப் பெற்றது. 1980ஆம் ஆண்டில், கறுப்பினக் கட்டடக் கலைஞர் மேக்ஸ் பாண்டின் நிறுவனம் வடிவமைத்த புதிய கட்டடம் பழைய கிளைக்கு அருகிலேயே திறக்கப்பட்டது.

இம்மாற்றம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும் என்று வாதிடலாம்; சேதமடைந்த தாள்களைக் கருதினால் அவ்வாதம் வலுவானது. ஆனால் 1930களிலேயே தொகுப்பை ஆய்வு நூலகமாக்கியிருந்தால், அன்றைய வழக்கப்படி அது ஹார்லெமை விட்டு ஐந்தாம் அவென்யூவின் மைய நூலகத்துக்குச் சென்றிருக்கவே வாய்ப்பு மிகுதி. அப்படியானால், வறிய குடும்பத்தில் பிறந்து, சிறுவனாக வாரத்தில் பல நாள் 135ஆம் தெரு நூலகத்துக்கு வந்து அங்கிருந்தவற்றையெல்லாம் படித்ததாகப் பின்னாளில் கூறிய எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் போன்றோருக்கு அந்த நூல்கள் எட்டாதவையாகியிருக்கும். அந்தப் பால்ட்வினின் கையெழுத்துப் படிகளையும் குறிப்புகளையும் ஷோம்பர்க் மையம் 2017ஆம் ஆண்டில் பெற்றுக்கொண்டது. மையத்தின் இருப்பு இன்று 1.1 கோடி உருப்படிகளைத் தாண்டியுள்ளது. 1905ஆம் ஆண்டின் கட்டடம் அதன் ஒரு பகுதியாகப் பயன்பாட்டில் உள்ளது. இரவல் பணியைக் கவுன்ட்டீ கல்லன் கிளை 136ஆம் தெருவில் தொடர்ந்து செய்துவருகிறது.